முந்நூற்று இருபத்து நான்கு கட்டங்கள்

அம்மா நல்லதென்று பார்த்துத் தள்ளிய முட்டைகளில் கீறல் விழுந்தவையும் போகின்றன என்று போன் வந்தபோது, நான் கடையில் ஒரு கெட்டுப்போன மவுஸைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது வீரபாகு அண்ணனின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பத்தாவதில் பாதியில் நின்றதிலிருந்து மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறேன். எனக்கு ஒரு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், வருகிறவர்கள் கண்ணில் நான் படாமல் இருக்க ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தத் தடுப்பை அண்ணன் எனக்காகவே அடித்துக் கொடுத்தார்.

போன் செய்தது தெய்வநாயகி அக்கா. கோழிப்பண்ணையில், முட்டைகளைப் பார்த்துப் பிரிக்கும் முட்டை ரூமில் அம்மாவுக்குப் பக்கத்து மேசை.

“அம்மணி, நான் சொன்னேன்னு உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாத. நேத்துப் போன லோடுல முட்டை அட்டைக்கு மூணு நாலு கீறலாமா. அத்தனையும் பாவாயி அக்கா பாத்த அட்டை. இந்த மாசம் வரைக்கும் பாப்பாராமா, அப்பறம் எரு அள்ற பக்கம் போட்டுருவாராமா சூப்ரவைசரு. அவுங்க முட்டி இருக்கற லட்சணத்துக்கு எரு அள்ளுவாங்களா, சொல்லு?”

“ம்” என்றேன்.

“ம்முக்கு மேல ஒரு வார்த்தை உனக்கு வராதா?” என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அது புதுச் செய்தி இல்லை. ஆறு மாதமாக அம்மா தாழ்ப்பாளைக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்கிறாள். போன வாரம் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த சேலையைப் பார்த்து, “வாக்கா, சாப்டாச்சா?” என்றாள். சேலை பதில் சொல்லவில்லை. “பெரிய இவ, பேச மாட்டீங்கறா” என்று முனகிக்கொண்டே உள்ளே போனாள். கண்ணைக் காட்டலாம் என்று நான் ஜாடையாகச் சொன்னாலே போதும். “எம்பட கண்ணுக்கு என்ன? கழுகாட்டம் இருக்குது” என்பாள். அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் மத்தியப் பிரதேசம் போனால் நான்கு மாதம் கழித்துத்தான் வருவார். அதனால் வீட்டில் கழுகும் நானும் மட்டும்தான்.

பிரித்த மவுஸின் அடியில் இருந்த சிப்பை அன்று வழக்கத்தைவிட நெடுநேரம் பார்த்தேன். கறுப்பாக, புளியங்கொட்டை அளவில், நடுவில் ஒரு ஊசித்துளை. மவுஸ் எந்தப் பக்கம் நகர்கிறது என்று இது எப்படி அறிகிறது என்றால், மேசையைப் படம் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறது. நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படம். ஒவ்வொன்றும் பதினெட்டுக்குப் பதினெட்டு, ஆக முந்நூற்று இருபத்து நான்கு கட்டம். அந்தக் கட்டங்களை வெளியே எடுக்க முடியும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அர்டுயினோ என்கிற சின்ன சர்க்யூட் போர்டில் நான்கு ஒயரைப் பற்றவைத்தால், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் வரும். சுத்த இருட்டு என்றால் பூஜ்யம், முழு வெளிச்சம் என்றால் அறுபத்து மூன்று. என்னிடம் லேப்டாப் கிடையாது. போனில் வரும் எண்களைப் பார்த்து, கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பென்சிலால் தீட்டுவேன். எண் சிறிதானால் அழுத்தமாக, பெரிதானால் லேசாக. முதலில் வந்த படம் என் கட்டைவிரல் ரேகை. யாரிடமும் காட்டவில்லை. ஆனால் நாள் முழுவதும் நோட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டேன்.

முட்டைக்கு அடியில் விளக்கை வைத்தால் கீறல் இருக்கும் இடத்தில் வெளிச்சம் கோடாக ஒழுகும். அந்தக் கோட்டைப் பார்க்க அம்மாவுக்குத்தான் கண் போதவில்லை. சிப்புக்குப் போதும் என்று தோன்றியது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியின் மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே வெள்ளை எல்.இ.டி. வைத்தேன். மேலே ஸ்கேலை வளைத்துக் கட்டி அதில் சிப். பழைய கேமரா ஒன்றின் லென்ஸை அதன் முன்னால் ஒட்டியதும், ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு முட்டை தெரிந்தது. ஓட்டையில் முட்டையை வைத்து இரண்டு விரலால் உருட்டினால், கோடு தட்டுப்படும் இடத்தில், பெட்டியில் ஒட்டிய பஸ்ஸர் ‘கீ’ என்று கத்தும்.

எவ்வளவு வெளிச்சம் வந்தால் கீறல் என்று சிப்புக்குத் தெரியாது. நான்தான் ஒரு எண்ணைச் சொல்லவேண்டும். அம்மா கொண்டுவந்த முட்டைகளில் நல்லதாகப் பத்தை எடுத்து உருட்டி, அவற்றுக்குக் கத்தாதபடி எண்ணை வைத்தேன். உடைந்ததை வைத்தால் கத்தியது. நல்லதுக்குச் சும்மா இருந்தது. எல்லாம் சரி.

அம்மாவிடம் கொடுத்தபோது அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தடவினாள் என்றுதான் சொல்லவேண்டும். “ஏஞ்சாமி, எனக்கா செஞ்ச?” என்றாள். மறுநாள் பூச்சேலை கட்டிக்கொண்டு பெட்டியோடு வேலைக்குப் போனாள்.

மாலையில் வந்தவள் பெட்டியை அரிசி மூட்டை மேல் வைத்தாள். சோறு உண்ணும்போது தானாகச் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

“நாள் பூராவும் ஒருதடவ கூடக் கத்தலை சாமி. நானும் இன்னைக்கு அத்தனையும் நல்ல முட்டைன்னு தள்ளிட்டேன். சூப்ரவைசரு சண்முகவேல் வந்து நாலு அட்டையத் தூக்கிப் பாத்தாரு. பதினேழு கீறல். என்ன சொன்னாருன்னு நெனைக்கற? ‘பொட்டி நல்ல பொட்டிதாங்க்கா, உங்க மவளாட்டமே வாயத் தொறக்க மாட்டீங்குது’ங்கறாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. நானுஞ் சிரிச்சுட்டேன்.”

எங்கே தப்பு என்று எனக்கு இரண்டு நாள் புரியவில்லை. ஒயரைப் பார்த்தேன், லென்ஸைத் துடைத்தேன். மூன்றாம் நாள் அம்மா கோணிப்பையிலிருந்து முட்டைகளை எடுத்து வைத்தபோதுதான் பொறி தட்டியது. பண்ணையில் விற்க முடியாத முட்டையைத்தான் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுப்பார்கள். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த முட்டை ஒவ்வொன்றும் கீறல் முட்டை. நல்லது என்று நான் பொறுக்கிய பத்தும், மயிரிழைக் கீறல் விழுந்ததால் எங்களுக்கு வந்தவை. முழு முட்டை ஒன்றைக் கையில் எடுத்து நான் பார்த்ததே இல்லை. கீறலைக் காட்டி, இதுதான் நல்ல முட்டை என்று சிப்புக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மளிகைக் கடைக்குப் போய் ஆறு முட்டை வாங்கினாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

“பண்ணைக்கு வேலைக்குப் போறவ எங்கடைல வந்து முட்டை வாங்கற. கோழியெல்லாம் ஸ்ட்ரைக்கா?” என்றார் கடைக்காரர்.

“எம்மவ பொட்டி நல்ல முட்டைதான் திங்குமாமா, கட்டிக் குடுங்க.”

அந்த ஆறையும் உருட்டி எண்ணை மாற்றியதும் பெட்டி பேச ஆரம்பித்தது. பத்து நாளில் அம்மாவின் அட்டைகளில் ஒரு கீறலும் போகவில்லை. தெய்வநாயகி அக்காகூட சந்தேக முட்டையை அம்மாவிடம் நீட்டி, “அக்கா, இத உங்க பேத்திகிட்டக் கேளுங்க” என்பாளாம். பெட்டியைப் பேத்தி ஆக்கிவிட்டார்கள். அம்மா அதற்குத் துணியில் உறை தைக்கச் சொன்னாள், தைத்தேன். அந்தப் பத்து நாளும் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

பதினோராம் நாள் சமுதாயக்கூடத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் முகாம். புரை இருந்தால் அன்றைக்கே வேனில் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து, மூன்றாம் நாள் கொண்டுவந்து விடுவார்கள். நான் நோட்டீஸைப் படித்துக் காட்டினேன். அம்மா பெட்டியின் உறைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள், அதாவது ஊசித்துளையைத் தவறவிட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கெதுக்கு சாமி? எம்பட கண்ணுதான் பொட்டிக்குள்ள இருக்குதே” என்றாள்.

பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு முதலில் இனித்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பெட்டி நன்றாக வேலை செய்யச் செய்ய, அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகப்போவதில்லை. அடுத்த வருடம் என் முகம் தெரியாது. அதற்கடுத்த வருடம் வாசற்படி தெரியாது. முட்டையை மட்டும் நான் செய்த பெட்டி பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எண்ணை மறுபடியும் மாற்றிவைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஒரே ஒரு எண்தான். ஆனால் எரு அள்ளும் ஷெட்டில் அம்மா குனிந்து நிற்பது கண்முன் வந்தது.

அம்மாவோடு வாதாட எனக்கு வராது. அதனால் வேறொன்று செய்தேன். இன்னொரு செத்த மவுஸின் சிப்பில் தூரம் தெரியும் லென்ஸை மாட்டி, கடை ஜன்னல் வெளிச்சத்தில் அதற்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்தேன். வந்த எண்களைப் பெரிய தாளில், கட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டராகத் தீட்டினேன். முந்நூற்று இருபத்து நான்கு கட்டத்தில் என் முகம். முடிந்ததும் பார்த்தால் கறுப்பும் சாம்பலுமாகச் சதுரங்கள்தான். வீரபாகு அண்ணன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“என்ன அம்மணி இது, ஜமக்காள டிசைனா? பவானிக்காரனுக்குக் குடு, நெய்ஞ்சு தருவான்.”

எனக்கு அதுதான் வேண்டும். யாருக்கும் புரியாத இந்தப் படத்தை அம்மாவிடம் காட்டி, யார் என்று கேட்பது. தெரியவில்லை என்பாள். பெட்டியின் கண் இவ்வளவுதான் அம்மா, இதை நம்பியா இருக்கப் போகிறாய் என்று கேட்பது. அந்த வாக்கியத்தை பஸ்ஸில் வரும்போது ஏழெட்டு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

தாளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அம்மா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினாள். வாசலில் நின்றபடியே, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சொன்னாள்.

“உன்னைய யாரு சாமி வரைஞ்சா? அப்படியே இருக்குதே.”

நான் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். எனக்குக் கட்டங்கள்தான் தெரிந்தன. பார்த்துக்கொண்டே இருந்தபோது கண்ணில் நீர் முட்டியது. கட்டங்களின் ஓரங்கள் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டின. நெற்றி வந்தது, கன்னம் வந்தது. அப்போதுதான் எனக்கும் நான் தெரிந்தேன்.

“அம்மா, நான் உனக்கு இப்படித்தான் தெரியறனா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இதவிடக் கொஞ்சங் கலங்கலா. இதுல மூக்குத் தெரியுதே” என்றாள். பிறகு, “நீ சிரிக்கறயா மொறைக்கறயான்னு தெரியறதில்ல சாமி. கொரலை வெச்சுக் கண்டுக்கலாம்னா, நீ பேசவும் மாட்டீங்கற.”

“முகாமுக்குப் போலாம்மா.”

“போனா ஒரு மாசம் தூசி ஆகாதும்பாங்க. அந்த ரூம்ல இருக்கறதே தூசிதான். மாசங்கழிச்சுப் போனா எம்பட எடத்துல எவளோ உக்காந்திருப்பா.”

“நான் உக்காந்துக்கறேன்.”

“எங்க?”

“முட்டை ரூம்ல. உம்பட எடத்துல.”

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். “பன்னண்டு பொம்பளைங்க இருக்கறாங்க. ஒருத்தி வாய்க்கே நீ தாங்க மாட்ட.”

“தாங்கறேன்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. வீரபாகு அண்ணனிடம் ஒரு மாத லீவை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கேட்டேன். “கேட்டா குடுக்க மாட்டனா, இதுக்கு ஒரு லெட்டரா?” என்றார். சண்முகவேலிடம் தாள் செல்லாது. முட்டை ரூம் வாசலில், அத்தனை பெண்களும் கையில் முட்டையோடு திரும்பிப் பார்க்க, நின்று, ஒரு மாதம் அம்மா இடத்தில் நான் இருக்கிறேன் என்று சொன்னேன். முதல் வார்த்தை மட்டும் மூன்று முறை வந்தது.

“அட, பேசுது” என்றாள் தெய்வநாயகி அக்கா.

சண்முகவேல் சிரிக்கவில்லை. “ஒரு வாரம் பாப்பேன் அம்மணி. லோடுல கீறல் போச்சுன்னா ஆளை மாத்திருவேன். உங்கம்மா கண்ணு வந்தப்பறம் எங்கிட்டச் சண்டைக்கு வரக்கூடாது” என்றார். அம்மாவிடம், சரி என்று சொல்லிவிட்டார் என்று மட்டும் சொன்னேன்.

முகாமில் நர்ஸ் அம்மாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இத்தனை நாள் எப்படிம்மா வேலை பாத்தீங்க?” என்றாள். அம்மா என் பக்கம் தலையைச் சாய்த்துக் காட்டினாள். வலது புருவத்துக்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஆபரேஷன் செய்யவேண்டிய கண்ணுக்கு அடையாளம். அம்மா அதை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதே போலப் பிளாஸ்திரி ஒட்டிய பதினைந்து பேர் மரத்தடி பெஞ்சில் வரிசையாக இருந்தார்கள். சொட்டு மருந்து விட்டதால் எல்லார் கண்ணும் மூடியிருந்தது. முகங்கள் மட்டும் மேலே பார்த்திருந்தன.

நான்கு மணிக்கு வேன் வந்தது. அம்மாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே தேடினாள். வேன் பக்கம் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். எனக்கு இடப்பக்கம், என்னைப் போலவே பச்சைத் துப்பட்டா போட்ட ஒரு அக்கா தன் மாமியாரை ஏற்றிவிட வந்து நின்றிருந்தாள். அம்மாவின் பார்வை என்மேல் பட்டு நகர்ந்து, அவள்மேல் போய் நின்றது. அம்மாவின் முகம் மலர்ந்தது. கம்பி வழியாகக் கையை நீட்டி ஆட்டினாள்.

“பத்தரமா இரு சாமி. அட்டைய ரெண்டு கையில தூக்கு.”

அந்த அக்கா திகைத்து என்னைப் பார்த்தாள். வேன் நகர்ந்தது. அம்மாவின் கை இன்னும் அவளை நோக்கியே ஆடிக்கொண்டிருந்தது. அக்கா மெல்லத் தன் கையைத் தூக்கி, வேன் புளியமரத்தைத் தாண்டித் திரும்பும் வரைக்கும் அம்மாவுக்கு ஆட்டிக்கொண்டே இருந்தாள்.