டென்னி கூப்பிடவில்லை

அயோவாவில் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் நான்காவதாக வந்தபோதும் செனட்டர் விட்லோ சிரித்த முகமாகத்தான் இருந்தார். நியூ ஹாம்ப்ஷயரில் அடி விழுந்தபோதும் கையை உயர்த்திக் காட்டினார். தென் கரோலினாவுக்குப் பிறகு அவருக்குச் சிரிக்க வரவில்லை. பிரசாரப் பஸ்ஸில் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள். பின் இருக்கைகளில் இப்போது ஆட்களுக்குப் பதில் விளம்பர அட்டைகள் சாய்ந்து கிடந்தன.

மிஞ்சியிருந்தது ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ஒஹாயோவிலும் மிச்சிகனிலும் பிரைமரி என்னும் அந்த உட்கட்சித் தேர்தல். இரண்டையும் பிடித்தால் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக வர இன்னும் வழி உண்டு. ஒன்று கைவிட்டுப் போனாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

லோர்னா கோவாச் மட்டும் அந்தப் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. யங்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தவள். எஃகுத் தகடுகளை அமிலத்தில் கழுவும் ஆலையில் வாயு கசிந்து நான்கு பேர் செத்தார்கள். அதில் ஒருவன் அவள் மகன் டென்னி. அப்போது ஊருக்குள் வந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, நாலு வீட்டு ஆட்களோடும் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்த ஒரே அரசியல்வாதி விட்லோ. ஆலைகளில் அபாய மணியும் சோதனையும் கட்டாயம் என்று ஒரு மசோதா எழுதியதும் அவர்தான். அதனால் அவர் கூப்பிட்டதும் லோர்னா கிளம்பி வந்தாள். ஊர் ஊராக மேடையேறி மகனைப் பற்றிப் பேசினாள்.

தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பார்மா ஊர் சர்ச்சில் தவக்கால மீன் விருந்து. செனட்டர் மேசை மேசையாகக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். பிரசாரப் பேச்சுகளை எழுதும் ஜோயல், காகிதத் தட்டோடு வந்து லோர்னாவின் எதிரே உட்கார்ந்தான். முகம் வெளிறி, ஒரு வாரமாகத் தூங்காதவன் போலிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். டென்னி கடைசியா உங்களுக்கு போன் பண்ணினான்னு ஒரு வரி சேத்துக்கலாமா?"

லோர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அவன் பண்ணலையேப்பா."

"முடிஞ்சிருந்தா பண்ணியிருப்பான்ல? அதத்தான் சொல்றோம்."

"முடியலையே. பண்ணல."

"மேடம், இப்ப சொல்றதையே சனங்க நிறைய தடவ கேட்டுட்டாங்க. டிவிக்காரன் கேமராவ அணைச்சுட்டு காபி குடிக்கப் போயிடறான். ஒரே ஒரு வரி. யாருக்கு நஷ்டம்?"

"நீ சின்னப் பையன் ஜோயல். மீன் ஆறுது, சாப்பிடு" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் டேட்டனில் ஒரு கல்லூரி உள்ளரங்கில் கூட்டம். கால்வாசி நாற்காலி காலி. லோர்னா வழக்கம்போலப் பேசிவிட்டு மேடையிலேயே பின்னால் போய் உட்கார்ந்தாள். செனட்டரின் தொண்டை கட்டியிருந்தது. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நின்றார். தண்ணீர் குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டினபோது யாரக் கூப்பிட்டான் தெரியுமா? அம்மாவ. கடைசி மூச்சுல அவன் அம்மாவுக்கு போன் பண்ணினான்" என்றார்.

முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். கேமராக்கள் எல்லாம் செனட்டரை விட்டுவிட்டு லோர்னாவின் முகத்துக்குத் திரும்பின. அவளுக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது, உடம்பு அசையவில்லை. கண்ணில் நீர் வந்தது கோபத்தினால். பார்த்தவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலையும்போது முன்பின் தெரியாத ஒரு பெண் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "என்ன சொன்னான்மா உங்க புள்ள கடைசியா?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் லோர்னா.

"ஐயோ, பேசக்கூட முடியலையா அவனால" என்று அந்தப் பெண் விம்மினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காட்சி எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. கருத்துக்கணிப்பில் விட்லோ ஏறத் தொடங்கியிருந்தார். பஸ்ஸில் யாரோ பாட்டுப் போட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து ரூடி சாபோல் கூப்பிட்டார். டென்னியோடு அதே ஷிப்டில் இருந்து, நுரையீரல் வெந்து பிழைத்தவர். ஒரு வாக்கியம் பேசி, மூச்சு வாங்கி, அடுத்த வாக்கியம் பேசுவார்.

"லோர்னா, டிவில பாத்தேன். எங்க போனெல்லாம் லாக்கர்லதானே இருந்துச்சு. உள்ள கொண்டு போனா வேல போயிடும். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் ரூடி."

"அப்ப ஏன் சும்மா உக்காந்திருந்த?" அவர் இருமினார். "அவன் என் பக்கத்துலதான் கெடந்தான். எதுவும் பேசல. யாரும் எதுவும் பேசல."

லோர்னா நேராக முன் இருக்கைக்குப் போனாள். செனட்டர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தேனும் வெந்நீரும் குடித்துக்கொண்டிருந்தார். அவள் நின்ற விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"தப்புதான் லோர்னா. அந்த நிமிஷம் வாயில வந்துடுச்சு."

"வாயில வரல. ஜோயல் எழுதினது."

அவர் மறுக்கவில்லை. "சரி, எழுதினதுதான். ஆனா இப்ப திருத்தினா செத்தோம். செவ்வாய் முடியட்டும், நானே சொல்லிடறேன்."

"ஜெயிச்சப்புறம் எவனாவது சொல்வானா?"

"நான் தோத்தா அந்த மசோதாவத் தூக்க இன்னொரு ஆள் இருக்கானா? இருந்தா சொல்லுங்க, இப்பவே இறங்கிடறேன்."

ஒருவரும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். தன் இடத்துக்குத் திரும்பினாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள்: பழைய பேச்சைப் பேசுவது, போன் பற்றி வாயே திறக்காமல் இறங்கிவிடுவது. பொய்யும் சொன்னதாகாது, காட்டியும் கொடுத்ததாகாது.

திங்கள் மதியம் டொலிடோவில் தொழிற்சங்க மண்டபம் நிரம்பி வழிந்தது. இத்தனை மாதத்தில் அவ்வளவு கூட்டத்தை அவள் பார்த்ததில்லை. வேலை உடுப்போடு வந்த ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். லோர்னா பழைய பேச்சைத்தான் பேசினாள். டென்னி மீன்பிடிக்கப் போவது, பழைய லாரியைப் பிரித்துப் போட்டுக் கோர்க்கத் தெரியாமல் முழித்தது. முடிக்கப் போகும்போது பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்.

"அந்த போன் பத்தி சொல்லுங்கம்மா!"

"ஆமா, சொல்லுங்க" என்று இன்னும் சிலர். கைதட்டினார்கள். ஆசையோடு, ஈரமான கண்களோடு, அவளுக்காகக் காத்திருந்தார்கள். திரைமறைவில் நின்ற ஜோயல் தலையை மட்டும் ஆட்டினான், உண்மையைச் சொல்லிவிட வேண்டாம் என்பதுபோல.

"அவன் கூப்பிடல" என்றாள்.

மண்டபத்தில் பலருக்குப் புரியவில்லை.

"என் பையன் எனக்குக் கூப்பிடல. போனெல்லாம் லாக்கர்ல இருந்துச்சு. உள்ள கொண்டு போக விடமாட்டாங்க. நான் பள்ளிக்கூடத்துல உருளைக்கிழங்கு மசிச்சிட்டிருந்தேன். பக்கத்துல இருந்தவ ரேடியோ சத்தத்தக் கூட்டினா. அப்படித்தான் எனக்குத் தெரிய வந்துச்சு. செனட்டருக்கு ஓட்டுப் போடுங்க. அவர விட்டா எங்களுக்கு ஆள் கிடையாது. ஆனா டென்னி கூப்பிடல."

ஒருவரும் கைதட்டவில்லை. செனட்டர் மேலே வந்தார். முகம் சாம்பலாக இருந்தது. "இவங்க சொல்றது உண்மை. நான் சொன்னது தப்பு" என்றார். அதற்கு மேல் எழுதி வைத்திருந்த எதையும் அவரால் படிக்க முடியவில்லை. சுவரோரம் நின்றவர்கள் முதலில் வெளியேறினார்கள். நிருபர்கள் வாசலை நோக்கி ஓடினார்கள்.

ஒஹாயோவில் படுதோல்வி. மிச்சிகன் மயிரிழையில் போனது. புதன்கிழமை செனட்டர் போட்டியிலிருந்து விலகினார். பஸ் எங்கே போனதென்று லோர்னாவுக்குத் தெரியாது. ஜோயல்தான் ஒரு வாடகைக் காரில் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"திட்டணும்னா திட்டுப்பா" என்றாள்.

"இல்ல மேடம். எங்கம்மாவா இருந்தா நீங்க செஞ்சதத்தான் செஞ்சிருப்பாங்க." கண்ணைத் துடைத்தான். "ஆனா நாம ஜெயிச்சிருப்போம்."

அந்த மசோதா செனட் குழுவிலேயே கிடந்து செத்தது. விட்லோவுக்குத் துணையாக எடுத்துப் பேச ஒருவர் வரவில்லை. ஆலை வேறு பெயரில் மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்தது. ரூடி கோடைக்கு முன்னாலேயே போய்விட்டார்.

அவரை அடக்கம் செய்த வாரத்தில் மளிகைக் கடை வாசலில் மார்சியைப் பார்த்தாள். செத்த நால்வரில் ஒருவனான ரேயின் மனைவி. பிரைமரிக்குப் பிறகு மார்சி அவளோடு பேசுவதில்லை. சர்ச்சில்கூட வேறு வரிசையில் போய் உட்காருவாள். அன்று அவள் கார் கிளம்பவில்லை. மழை வேறு. லோர்னா தன் கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.

பாதி வழி வந்துவிட்டது.

"ஒரு நாள்" என்றாள் மார்சி. "ஒரே ஒரு நாள் வாய மூடிட்டு இருக்க முடியலையா உனக்கு? அடுத்த தடவ அங்க எவன் சாவப் போறானோ."

"தெரியல மார்சி."

வீடு வந்தது. மார்சி பைகளை மடியில் வைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தாளு டேட்டன்ல சொன்னப்ப நான் நம்பிட்டேன்" என்றாள். "ரேய்க்குத்தான் கூப்பிட முடியல, டென்னியாவது ஒருத்தர்கிட்டப் பேசினானேன்னு இருந்துச்சு. ரெண்டு நாள் நல்லாத் தூங்கினேன்."

கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கிப் போனாள்.