சாயும் கூடத்தில் ஒரு டம்ளர் டீ

வெளியாள் யாராவது வந்து உட்கார்ந்தால் அந்த வீட்டுக் கூடத்தின் தரை பின்பக்கமாக ஒரு முழம் எழும்பும். ஆள் வாசல் வழியாகத் தெருவுக்கு வழுக்கிப் போனதும் பழையபடி இறங்கிக்கொள்ளும். வீட்டார் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கதவு தட்டப்பட்டால் தராசு பழுதுபார்க்கும் அப்பா, தையல்காரி அம்மா, வாயாடி அத்தை மூவரும் பின்சுவர்க் கொக்கிகளில் ஆளுக்கொரு கயிற்றை மாட்டி இடுப்பில் முடிந்துகொள்வார்கள். தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் மகளுக்கு நாலாவது கொக்கி. மேசை நாற்காலிகளை எப்போதோ தரையோடு திருகி வைத்தாயிற்று. அவளைப் பெண் கேட்டு வந்த மூன்று பேர் செருப்பைக்கூட எடுக்காமல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

நாலாவதாக வந்தவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். அவளுடைய அலுவலகத்துக்குத் தரை போட வந்தபோது ஏற்பட்ட பழக்கம். எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லித்தான் கூட்டி வந்தாள். ஆனாலும் தொழில் புத்தி விடுமா? உட்கார்ந்ததும் உட்காராததுமாக விரல் கணுவால் தரையைத் தட்டிப் பார்த்தான், பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்தான், உள்ளே குமிழி ஓடுவதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் குடுங்க சார், மொத்தத்தையும் பேத்துட்டு மட்டமா போட்டுத் தர்றேன்" என்றான்.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. "பொண்ணு கேக்க வந்தியா, வேல கேக்க வந்தியா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அவன் தெருவில் கிடந்தான். ரசமட்டமும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. கயிற்றில் தொங்கியபடியே அவர் கத்தினார்: "எங்க தரையில உக்காந்து ஒரு டம்ளர் டீய சிந்தாம குடிச்சு முடி. அதுக்கப்புறம் வாயத் தொற!"

அடுத்த ஞாயிறு ரசமட்டம் இல்லாமல் வந்தான். வழுக்கினான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். குளியலறைச் சாய்வுகளில் பதினாறு வருடம் குத்தவைத்த முட்டி அவனுடையது; ஒட்டிய கல் இறுகும்வரை அசையக்கூடாது என்பதைத் தவிர வேறு படிப்பு அவனுக்கு இல்லை. தெருவில் விழுந்தாலும் கையிலிருக்கும் டம்ளரைச் சிந்தவிடமாட்டான்; எழுந்ததும் அதைக் கதவு நிலையோரம் வைத்து, மிச்சமிருக்கும் டீயின் உயரத்துக்கு நிலையில் பென்சில் கோடு போடுவான். கோடு வாராவாரம் ஒரு நூல், ரெண்டு நூல் என்று இறங்கியது. அம்மா டீயைக் கூடுதலாக ஆற்ற ஆரம்பித்தாள். "கொதிக்கக் கொதிக்கக் குடுடி" என்று அப்பா முறைத்தார். அத்தைதான் முதலில் கட்சி மாறினாள். "குதிகால ஊனுடா மடையா! பொண்டாட்டி வேணுமா, வேணாமா?" என்று கொக்கியிலிருந்தே வழி நடத்தினாள்.

"விட்டுடப் போறியா?" என்று ஒரு வாரம் மகள் கேட்டாள்.

"முட்டி தேயுற வரைக்கும் டைமிருக்கு" என்றான்.

பதினேழாவது ஞாயிறு தரைக்கே ரோஷம் வந்துவிட்டது. ஒரு முழம் எழும்புவது ஆளுயரம் எழும்பியது. அத்தையின் தலை கூரையில் இடித்தது. அப்பாவின் கயிறு இற்றுப்போயிருந்ததால் அறுந்தது. உட்கார்ந்த வாக்கில் சறுக்கிவந்து அவன் மடியில் விழுந்தார். அவன் இடக்கையால் அவரை வளைத்துப் பிடித்தான், குதிகாலை ஊன்றினான். வலக்கையில் டம்ளர்.

"அசையாம இருங்க மாமா, டீ சிந்திடும்."

அவரை மாமா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "மொதல்ல குடிச்சு முடிடா" என்றார் அவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

குடித்தான். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினான். தரை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மெல்ல இறங்கி மட்டமாக நின்றது. அதன்பின் அவனுக்காக அது எழும்பவில்லை. கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைத் தரையே தெருவுக்கு அனுப்பிவைத்ததால் வழியனுப்பும் வேலை மிச்சம். பின்சுவரில் ஐந்தாவது கொக்கியும், இரண்டு வருடம் கழித்து இடுப்பளவு உயரத்தில் ஆறாவது கொக்கியும் ஏறின. நிலைக்கு வர்ணம் பூச வந்தவர்களைக் கோடுகளின் பக்கம் அத்தை அண்டவிடவில்லை.

இருபத்தைந்து வருடம் கழித்து அவன் மகள் ஒரு கண்ணாடிக்கடைக்காரனைக் கூட்டி வந்தாள். டீயை வாயில் வைத்த பையன் கால் மடக்குவதற்குள் டம்ளரோடு தெருவில் கிடந்தான். டைல்ஸ்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வெளியே போய், பையன் கையிலிருந்த டம்ளரை வாங்கி நிலையின் மறுபக்கம் வைத்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்தான்.

"ஒரு வாய் குடிச்சிருக்கீங்க. என் மொத நாளுக்கு இது தேவல" என்றான். "அடுத்த ஞாயிறு வாங்க தம்பி."