பௌர்ணமி கழியட்டும்

மாவு மூட்டைக்குள் கையை விட்டவள், வெதுவெதுப்பாக எதையோ தொட்டாள்.

மாவு வெதுவெதுப்பாக இருக்காது. மாவு நெளியவும் நெளியாது.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விரல் இடுக்குகளில் மாவோடு ஏதோ ஈரம் பிசுபிசுத்தது. மூட்டையின் வாயை விரித்து, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள்.

கடித்துக் குதறிய சாக்கு நூல், காகிதத் துணுக்கு, நடுவே கண் திறக்காத எலிக்குஞ்சுகள். முடியில்லாத ரோஸ் நிறத் தோல். தோலுக்கு அடியில் குடல் கருநீலமாகத் தெரிந்தது. ஒன்றின் முகத்தின் மேல் இன்னொன்று ஏறி, வாயைத் திறந்து திறந்து மூடின.

வயிற்றிலிருந்து தொண்டைக்கு எதுவோ ஏறியது. அதை விழுங்கிக்கொண்டாள்.

மூட்டையில் பாதிதான் மிச்சமிருந்தது. காணாமல் போன பாதி எங்கே என்று அவளுக்குத் தெரியும். காலையில் பிசைபட்டு, உருண்டு, வெந்து, இப்போது தட்டுத் தட்டாக பேக்கிங் மேஜையில் பன்னாக ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த தெரு ஆரம்பப் பள்ளிக்கு மதியம் போக வேண்டிய பன். அவளுடைய மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிற பள்ளி.

"மாஸ்டர், இங்க வாங்க."

தொந்தி மாஸ்டர் அடுப்பருகிலிருந்து அசைந்து வந்தார். மூட்டைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அதுதான் அவளை அதிரவைத்தது.

"இந்த மூட்டையிலயும் போட்டுடுச்சா?"

"இந்த மூட்டையிலயுமா?"

"முதலாளிக்குத் தெரியும் தங்கச்சி. சலிச்சுப் போடுன்னாரு. சலிச்சுத்தான் போடுறேன்." சுவரில் தொங்கிய, ஓரம் கிழிந்த சல்லடையைக் காட்டினார். "எலி பிடிக்கிற ஆளு ஒருநாள் வந்தாரு. வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு உங்கண்ணன். நிலா வளருதாம். நிலா வளருதோ இல்லியோ, நம்ம கடையில எலி நல்லா வளருது."

அவள் மாடிப்படி ஏறினாள்.

கடை அப்பா வைத்தது. அப்பாவுக்குப் பிறகு கல்லாவும் அலுவலக அறையும் அண்ணனுக்கு, பேக்கிங் அவளுக்கு. கணவனை விட்டு மகளோடு வந்தவளுக்கு மேல்மாடியில் ஓர் அறையைக் கொடுத்ததும் அண்ணன்தான். அதை அவன் மறந்ததில்லை. அவளையும் மறக்க விட்டதில்லை.

ஏசி அறையில் உட்கார்ந்து கார் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தான். குடைந்து எடுத்ததை ஒருமுறை பார்த்துவிட்டு நாற்காலியின் அடியில் தேய்த்தான்.

"அண்ணா, மாவு மூட்டையில எலி குட்டி போட்டிருக்கு."

"தெரியும்மா. பௌர்ணமி கழியட்டும்."

"பௌர்ணமிக்கும் எலிக்கும் என்னண்ணா?"

"வளர்பிறையில எதைத் தொட்டாலும் வளரும். மருந்து வெச்சேன்னு வை, பத்து எலி நூறாகும். தேய்பிறையில வெச்சா தானா தேஞ்சு போயிடும். ஜோசியர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

இது புதிதல்ல. இரண்டாவது அடுப்பு வாங்கியது வளர்பிறையில். ஆளை வேலையைவிட்டு நிறுத்துவது தேய்பிறையில். வளர்பிறை பார்த்து முடி வெட்டிக்கொண்டால் முன்வழுக்கையிலும் முளைக்கும் என்று நம்பி, வருஷக்கணக்காக நாவிதரையும் சந்திரனையும் ஒன்றாகக் காக்கவைத்தவன். அதுவரை யாருக்கும் கெடுதல் இல்லை. சிரித்துவிட்டுப் போனார்கள்.

"ஜோசியர்கிட்ட நான் பேசணும். ஸ்பீக்கர்ல போடு."

"பேசு. உனக்கும் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுவாரு."

ஜோசியர் எடுத்தார். எலிக்கு இப்போதே மருந்து வைத்தால் என்ன என்று கேட்டாள். வாய் நிறைய எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"வளர்பிறைச் சந்திரன் சுபர்ம்மா. கொடுக்கற கை அவரோடது. விதைக்கலாம், கட்டலாம், புதுசா ஆரம்பிக்கலாம். வெட்டறது, விரட்டறது, அழிக்கறது எல்லாம் தேய்பிறைக்கு. மாத்திப் பண்ணினா, எதை ஒழிக்கணும்னு நினைச்சோமோ அதுவே பெருகும். சாஸ்திரம்மா இது. நம்ம அவசரத்துக்கு வளையாது."

"என்ன சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்கய்யா?"

"உங்க கடை கேக்குதான். காலையில டிரைவர் கொண்டுவந்து குடுத்தான். பஞ்சு மாதிரி இருக்கு. பேரப்பிள்ளைங்க ஆளுக்கு ரெண்டு துண்டு தின்னுட்டாங்க."

"எலி குட்டி போட்ட அதே மாவுதான்யா அது."

மெல்லும் சத்தம் நின்றது. துப்பும் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு பேரப்பிள்ளையை அதட்டினார்: "ஏய், கீழ வை அதை." குழாய் திறந்தது. வெகுநேரம் கொப்பளித்தார்.

திரும்பி வந்தபோது குரல் வேறாக இருந்தது.

"தம்பி, இன்னிக்குச் சந்திரன் விருச்சிகத்துல இருக்கார். நீசம். வளர்பிறையா இருந்தாலும் பலம் கிடையாது. தாராளமா மருந்து வைக்கலாம். இப்பவே வைங்க."

வளையாத சாஸ்திரம் ஒரு வாய் கேக்குக்கு வளைந்துவிட்டது.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? கேட்டா வழி சொல்லுவாரு. எலி பிடிக்கிறவனுக்கு நான் போன் பண்றேன். நீ போய் பன்னை பேக் பண்ணு."

"எந்தப் பன்னை?"

"ஸ்கூல் பன்னைத்தான்."

"அண்ணா, எலி பெத்துப் போட்ட மாவு அது."

"மருந்து வைக்கலாம்னுதான் சொன்னாரு. சரக்கைக் கொட்டுன்னு சொன்னாரா? வளர்பிறையில சரக்கைக் குப்பையில போட்டா நஷ்டம் வளர்ந்துகிட்டே போகும். அந்தச் சூட்டுல வெந்ததுல எந்தக் கிருமி உயிரோட இருக்கும்? சும்மா அருவருப்பு பாக்காத." மறுபடியும் சாவியைக் காதுக்குள் விட்டான். "நாமளா சாப்பிடப் போறோம்?"

அவள் கீழே இறங்கினாள்.

பன்கள் பொன்னிறமாகப் பளபளத்தன. வாசனை வேறு. அந்த வாசனையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒன்றை எடுத்துப் பிய்த்தாள். வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே கருப்பாக, நீளமாக ஒன்று. எந்தக் குழந்தையும் திராட்சை என்றுதான் நினைக்கும். இந்தப் பன்னில் திராட்சை போடுவதில்லை.

தரை கழுவ வைத்திருந்த பினாயில் கேனைத் தூக்கினாள். மூடியைத் திருகினாள். முதல் தட்டில் கவிழ்த்தாள். பன்கள் சத்தமில்லாமல் உறிஞ்சி, ஊதி, சாம்பல் நிறமாயின. அடுத்த தட்டு. அதற்கடுத்தது.

மாஸ்டர் கொஞ்ச நேரம் கைகட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டூலுக்குப் பின்னாலிருந்த தட்டைக் காலால் முன்னே தள்ளினார்.

"இது விட்டுப்போச்சு தங்கச்சி."

நெடி மாடிவரை போயிருக்க வேண்டும். அண்ணன் படியில் தடதடவென்று வந்தான். தட்டுகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"இன்னிக்கே உன் பெட்டியக் கட்டு. உன் மகளையும் கூட்டிக்கிட்டு எங்கயாவது போய்த் தொலை."

"சரிண்ணா" என்றாள். போன் ஏற்கெனவே அவள் காதில் இருந்தது. மறுமுனையில் பள்ளித் தலைமையாசிரியை.

"மேடம், பேக்கரியிலிருந்து பேசறேன். இன்னிக்கு பன் வராது. மாவுல எலி."

அண்ணன் போனைப் பிடுங்கக் கை நீட்டினான். மாஸ்டரின் தொந்தி நடுவில் வந்து நின்றது.

தலைமையாசிரியை நிதானமாகக் கேட்டார். "நல்லவேளை சொன்னீங்கம்மா. நேத்து அனுப்பினது?"

அவள் மாஸ்டரைப் பார்த்தாள். "நேத்து எந்த மாவு மாஸ்டர்?"

அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "எல்லாம் ஒரே லாரியில வந்த மூட்டைதான்."

"முந்தாநாள்?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அண்ணன் சுவரைப் பார்த்து நின்றான். நேற்று மாலை பள்ளியிலிருந்து வந்த மகள், பன் ருசி போகாமல் விரலைச் சூப்பிக்கொண்டே வந்தது அவள் கண்ணுக்குள் ஓடியது. அவளே துடைத்துவிட்ட விரல்.

"லைன்ல இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன் மேடம்." "அமாவாசையிலருந்து எங்க பன்னைச் சாப்பிட்ட பிள்ளைங்க எல்லாரையும் டாக்டர் பாக்கணும். மறைக்காம நானே வந்து அவர்கிட்ட சொல்றேன். என் மகளை உங்க ரூம்லயே உக்கார வைங்க. இதோ கிளம்பிட்டேன்."

இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து மேஜையில் போட்டாள். வாசலைத் தாண்டி, சாக்கடை ஓரம் குனிந்து, அதுவரை விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு பள்ளியை நோக்கி ஓடினாள்.