பழவேற்காட்டில் கை நனைத்த கதை

என் தங்கை கண்ணம்மாவுக்கு மாப்பிள்ளை பார்க்க நான் போன வீடுகள் ஆறு. பழவேற்காடு ஏழாவது. ஆறு வீட்டிலும் ஒரு பருக்கை தொடவில்லை. சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைத்துவிட்டால் எங்கள் ஜனத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டதாகவே அர்த்தம். அதனால் பசியோடு போவேன், குறை கண்டுபிடிப்பேன், பசியோடு திரும்புவேன். ஆவடி மாப்பிள்ளை குடிப்பான். நெமிலிச்சேரிக்காரனின் அம்மாவுக்கு வாய் நீளம். அண்ணனூர்க்காரன் எதற்கெடுத்தாலும் சிரித்தான், எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணம்மாவுக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. அம்பத்தூரில் ஒரு ரேடியோ கம்பெனியில் வேலை. சம்பளத்தை அப்படியே என் மனைவி கையில் கொடுத்துவிடுவாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, முன்பே சொல்லிவிடுகிறேன்.

எழுபத்திரண்டாம் வருஷம், ஒரு புதன்கிழமை. ஒரு நாள் லீவைத் தொலைத்து, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, பொன்னேரியில் பஸ் பிடித்துப் போனேன். எங்கள் அப்பா பிறந்த கரைதான் அது. அவருக்குப் புத்தி இருந்தது, வலையைக் கடாசிவிட்டு ஆவடிக்குக் கூலி வேலைக்கு வந்துவிட்டார்.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் தூங்குவதற்கென்றே ஓர் ஊர். பதினொரு மணிக்கு டீக்கடைக்காரன் பெஞ்சில் மல்லாந்து கிடந்தான். பால் வரவில்லை என்று கண்ணைத் திறக்காமலேயே சொன்னான். வேப்பமரத்தடியில் பத்துத் தடியன்கள் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன்தான் மாப்பிள்ளை அய்யாசாமி.

வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"இன்னிக்கி எங்க பாடு இல்ல, அண்ணாத்தே" என்றான்.

ஏரியில் முறை வைத்து மீன் பிடிக்கிறார்களாம். அந்த முறைக்குப் பேர் பாடு. இன்றைக்கு வேறு கூட்டத்தின் பாடு, நாளைக்கு இவர்கள் பாடு. தன் பாடு இல்லாத நாளில் மீன் மடியில் வந்து விழுந்தாலும் தொடமாட்டார்கள் போலிருக்கிறது. தூ, இதுவும் ஒரு பிழைப்பா! கம்பெனிச் சங்கு ஊதி இரண்டு நிமிஷம் கழித்துப் போனால் எனக்கு அரை நாள் கூலி போச்சு.

வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவன் அம்மா முத்தம்மாள் சாப்பிடச் சொன்னாள். வயிறு சரியில்லை என்றேன். அந்த அம்மாள் வற்புறுத்தவில்லை, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

பஸ் நாலு மணிக்குத்தான். இட்லிக் கடை, சோத்துக் கடை எல்லாம் தட்டி போட்டு மூடிக் கிடந்தன. ஏரிக்கரையில் துலுக்கானம் என்றொரு கிழவர் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சோற்றுக் குண்டானும் நண்டுக் குழம்புச் சட்டியும் இருந்தன. நான் யார் என்று கேட்காமலேயே உட்கார் என்றார். உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அப்படியொரு குழம்பை நான் தின்றதில்லை, அந்த நண்டுக்கு அவ்வளவு ருசி. யார் வீட்டுச் சமையல் என்று கேட்கவேண்டும் என்கிற புத்தி மூன்றாவது கவளத்தில்தான் வந்தது. அப்போது வாய் நிறையச் சோறு. கேட்கவில்லை.

காலிச் சட்டியை எடுத்துப்போக முத்தம்மாள் வந்தாள். கிழவர் அவளுடைய அண்ணனாம், தினமும் சோறு அவள் வீட்டிலிருந்துதான் வருமாம். மணிக்கட்டு வரை குழம்பு வழிந்த என் கையை அவள் பார்த்தாள்.

"தெரியாம துன்ட்டேம்மா" என்றேன்.

"உங்க இஷ்டம். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டியோடு போனாள்.

ஏரியில் மூன்று தடவை கை கழுவினேன். வாசனை போகவில்லை. போகட்டும், அவளே விட்டுவிட்டாள், நமக்கென்ன என்று வண்டி ஏறினேன்.

அம்பத்தூரில் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டேன். அதெல்லாம் ஒரு ஊரா, ஆம்பிளைகள் பகலில் தாயம் ஆடுகிறார்கள், ஒரு கடை திறந்திருக்கவில்லை, ஒரு டீக்கு வழியில்லை என்று மூச்சுவிடாமல் திட்டினேன். கண்ணம்மா சொம்புத் தண்ணீரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு தடவையும் இப்படித்தான் நின்று கேட்டாள். என் மனைவி சோறு போடட்டுமா என்று கேட்டாள். பசியில்லை என்றேன்.

கண்ணம்மா கிட்டே வந்தாள். என் வலது கையைப் பிடித்து முகர்ந்தாள். பெரியவளான பிறகு அவள் என் கையைத் தொட்டதே இல்லை.

"நண்டு" என்றாள். "ஓட்டல்ல துன்னியா, அண்ணாத்தே?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த ஊரில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை என்று இப்போதுதானே தொண்டை கிழியக் கத்தியிருந்தேன். அவமானமாக இருந்தது. என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு ஊட்ல பட்டினி கெடந்து என்னிய இங்கயே வெச்சிக்கினே" என்றாள் கண்ணம்மா. பிடி தளரவில்லை. சொம்பைச் சாய்த்து என் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

"நல்லா கய்விக்கோ. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் லீவு சொல்லிடு."