கான்வாயில் திறந்த கதவு

மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டியில் வண்டிகளை இறக்கிவிட்டு ஃபெர்ரி பாராடாங் பக்கம் திரும்பியது. பழங்குடிகளின் காட்டு வழியே, போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போர்ட் பிளேயருக்குப் போகும் கான்வாய் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. பயணிகளின் விவரம் எழுதிக் கொடுக்க அன்பழகன் போலீஸ் சாவடிக்குப் போனான். போகும் முன் குனிந்து, பின் சீட்டிலிருந்த மனைவியின் பக்கத்து ஜன்னலை ஏற்றிவிட்டான்.

"காத்து உனக்கு ஒத்துக்காது விஜி."

எப்போதிலிருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று விஜயகுமாரிக்கு ஞாபகம் வரவில்லை. அப்படி ஞாபகம் வராதவை நிறையச் சேர்ந்துவிட்டன. அடுப்பின் கேஸைத் திறந்துவிட்டுப் படுத்தாளாம். மாடிப்படியில் நின்று யாருடனோ பேசினாளாம். காலையில் டீயை நீட்டிக்கொண்டே அன்பழகன் சொல்வான். "ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கிட்டேன்." ஒருநாளும் குரல் உயர்ந்ததில்லை. உயர்ந்திருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். போர்ட் பிளேயரில் அங்கன்வாடி வேலைக்கு ஆர்டர் வந்த பிறகுதான் இதெல்லாம் தொடங்கியது என்று ஒருமுறை யோசித்தாள். அப்படி யோசிப்பதே நோயாக இருக்குமோ என்று உடனே பயந்தாள். படுக்கும் முன் கேஸ் திருகைத் தொட்டு, "மூடிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள். காலையில் அது திறந்திருந்தது என்றான். கட்சால் தீவில் இருக்கும் அம்மா, சிக்னல் கிடைக்கிற அன்று அழுதாள். "மாப்ள சொல்றதக் கேளும்மா." மாப்பிள்ளை அம்மாவிடமும் சொல்லி முடித்திருந்தார்.

கடைசியில் தனக்கு நோய்தான் என்று அவளை ஒப்புக்கொள்ள வைத்தது போன பயணம். காட்டின் நடுவே, ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாளாம். அவன்தான் இழுத்துப் போட்டானாம். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தூங்கியது மட்டும். இன்று மனநல டாக்டரைப் பார்க்கிறார்கள். டாக்டர் ஒரு வரி எழுதிவிட்டால் வேலை போய்விடும். அதற்கு மேலும் ஏதோ போய்விடும் என்று தோன்றியது.

அன்றைக்கும் வண்டி ஓட்டியவர், இப்போது முன் சீட்டில் இருக்கும் இதே நாகராஜ்தான். வெளியாளிடம் அதைப் பேசும் கூச்சத்தில் இத்தனை நாள் அவரைக் கேட்கத் தோன்றவில்லை.

"நாகராஜ் அண்ணே, போன தடவ நான் கதவத் தெறந்தேனா?"

அவர் சிரித்துவிட்டார். "கான்வாய்லயா? படம் எடுக்க மொபைல நீட்டுனாலே போலீஸ் ஜீப்பு வந்து புடிச்சிரும் தங்கச்சி. கதவு தெறந்திருந்தா என் பர்மிட்டு கதம். இன்னிக்கு நான் வீட்டுல குந்திகிட்டு இருப்பேன். நீங்க நல்லாத் தூங்குனீங்க. கொறட்ட வேற. என்ஜின் சத்தமே கேக்கல!"

அவளும் சிரித்தாள். சிரித்து எவ்வளவு நாளாயிற்று! ஒரு குறட்டையை யாரோ பரிசாகத் தந்ததுபோல இருந்தது. பிறகு அந்தச் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது. கதவை அவள் திறக்கவில்லையென்றால், கேஸ்? இருட்டில், சமையலறையில், திருகைத் தொட்ட கை யாருடையது?

அன்பழகன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கேட் திறந்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுக்குள் நுழைந்தன. இனி காட்டின் அந்தக் கடைசி வரை எதுவும் நிற்காது, யாரும் இறங்க முடியாது.

"நான் கதவத் தெறக்கவே இல்லையாம். அண்ணன் சொல்றாரு."

அன்பழகன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கோபமேயில்லை. "உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் அவர்கிட்ட கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன் விஜி. நீ ஒடஞ்சு போயிடுவ. இல்லையா நாகராஜ்?"

நாகராஜ் கண்ணாடியில் இருவரையும் பார்த்தார். அன்பழகனின் ஆபீஸ் சவாரியெல்லாம் அவருக்குத்தான்.

"புருஷன் பொண்டாட்டி பேச்சுல நான் எதுக்கு சார்," என்றவர், இந்திப் பாட்டைச் சத்தமாக வைத்தார்.

முதலில் நாகராஜ் சிரித்தது சொல்லிக்கொடுத்த சிரிப்பா? அவள் மனம் வழக்கமான பள்ளத்துக்குள் சரியத் தொடங்கியது. அது எவ்வளவு சுலபமாக இருந்தது! அங்கேயே படுத்துவிடலாம் போலக் களைப்பாக இருந்தது.

அவன் மடியிலிருந்து கையை உருவினாள். இரண்டு கைகளையும் தூக்கி, கதவுப் பிடிக்கு எட்டாமல், நாகராஜின் கண்ணாடியில் தெரியும்படி முன் சீட்டின் மேல், விரல்களை விரித்து வைத்தாள்.

"கை வலிக்கும்மா, கீழ வை," என்றான் அன்பழகன்.

இருபுறமும் காடு போய்க்கொண்டே இருந்தது. மரநிழல்கள் வந்து அந்தப் பத்து விரல்களின் மேல் ஏறி இறங்கின. அவள் இமைக்காமல் அவற்றையே பார்த்திருந்தாள்.