விளக்கு எரியும்வரை

விளக்கில் ஒட்டியிருந்த முந்தின நாள் மெழுகை வெண்ணெய்க் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, உள் அறையில் நவோமி வீறிட்டு அழுவது கேட்டது. கத்தியைக் கீழே வைக்காமலே சாந்தகுமாரி போய் எட்டிப் பார்த்தாள். கணவன் சைமன் தன் தாய் ஹில்டாவின் கண்களை மூடிக்கொண்டிருந்தான். அவன் தங்கை நவோமி கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். மாமியார் கதை முடிந்துவிட்டது. சாந்தகுமாரிக்குக் கண்ணீர் வரவில்லை. வரவழைக்க அவள் முயலவுமில்லை. திரும்பி வந்து மிச்ச மெழுகையும் சுரண்டினாள்.

அந்த விளக்கில் அவளுக்கு இருந்த ஒரே உரிமை அதுதான். யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா வந்தால் எட்டு இரவும் ஜன்னலோரம் அதை ஏற்ற வேண்டும். முதல் இரவு ஒரு மெழுகுவர்த்தி, மறு இரவு இரண்டு என்று கூடிக்கொண்டே போகும். ஹில்டா ஏற்றுவாள், சைமன் ஏற்றுவான், நவோமி ஏற்றுவாள். மருமகள் மெழுகு சுரண்டுவாள்.

மன்னாரில் கத்தோலிக்கப் பிள்ளையாகப் பிறந்தவள், சைமனைக் கட்டுவதற்காகப் படித்து, யூத மதகுருமார் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, முறைப்படி நீரில் மூழ்கி எழுந்து யூதப் பெண் ஆனாள். மதகுருமார் ஏற்றுக்கொண்டார்கள். ஹில்டா ஏற்கவில்லை. “தண்ணீரில் முங்கினால் போதுமென்றால் வாத்துகூட யூதர்தான்” என்று விருந்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சைமனும் கொஞ்சம் சிரித்தான். அந்தக் கொஞ்சத்தைச் சாந்தகுமாரி மறக்கவே இல்லை.

விளக்கு எரிந்து முடியும்வரை பெண்கள் வேலை செய்யக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். தாயும் மகளும் மடியில் கை வைத்துக்கொண்டு சோபாவில் மகாராணிகள் மாதிரி இருப்பார்கள். “உனக்கு இது பொருந்தாதே, கண்ணே” என்று ஹில்டா இனிக்க இனிக்கச் சொல்லி, உருளைக்கிழங்கு அடை பொரிக்க மருமகளைச் சமையலறைக்கு அனுப்புவாள். போன வருஷம், ஆக்லாந்தின் மாசி என்ற புறநகரிலிருந்து வந்திருந்த சாந்தகுமாரியின் அம்மா ராசமணியின் கையிலும் எச்சில் கோப்பைகளைக் கொடுத்தாள். விருந்தாளியாக வந்தவள் நின்று கழுவினாள். தாயின் முதுகைப் பார்த்த அன்றைக்கே, இதற்கு ஒரு நாள் வரும் என்று சாந்தகுமாரி மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் கோடையில் ஆக்லாந்துச் சூரியன் லேசில் இறங்காது. சாவுச் செய்தி கேட்டு ராசமணி வந்து சேர்ந்த பிறகும் ஹில்ஸ்பரோ வீட்டின் ஜன்னலுக்கு வெளியே கடல் மினுங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் இருட்டத் தொடங்கியபோது சைமன் வந்து நின்றான்.

“சாந்தி, விளக்கு நீர்தான் ஏத்தோணும்.” அவளிடம் பழகிய தமிழ் அது.

“ஏன், உங்களுக்குக் கை இல்லையோ?”

“தாய் செத்தால் அடக்கம் முடியுமட்டும் பிள்ளையள் ஏத்துறேல்லை. எனக்கும் இல்லை, நவோமிக்கும் இல்லை. மற்ற ஆள்தான் ஏத்தோணும். வீட்டில நீர்தானே இருக்கிறீர்.”

“நான் உங்கட ஆளோ? உங்கட அம்மாட்டக் கேட்டனீங்களோ?”

ராசமணி மகளின் காதருகே வந்தாள்.

“செத்த மனிசியோட என்ன கோவம், பிள்ளை? பேசாமல் கொளுத்து.”

“பேசாமல் கொளுத்தேலாது அம்மா. மந்திரம் சொல்லோணும்.”

போய் உள் அறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள். வெள்ளைத் துணியால் மூடியிருந்த உடல் அங்கிருந்து தெரிந்தது. நன்றாகக் கேட்கட்டும். அது ஐந்தாம் இரவு. ஐந்து மெழுகுவர்த்திகளை வலமிருந்து இடமாக நட்டாள். மற்றவற்றை ஏற்றுவதற்கென்றே உள்ள உயரமான ஆறாவதைக் கொளுத்தி, அதால் இடமிருந்து ஒவ்வொன்றாக ஏற்றும் முன், எபிரேய மந்திரத்தை உரக்கச் சொன்னாள். பென்ரோஸில் வேலைக்குப் போகும் வழியில் காருக்குள் தனியே சொல்லிப் பழகியது. ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

பிறகு சோபாவில் ஹில்டா வழக்கமாக உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மாவையும் பக்கத்தில் இருத்தினாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

உடலை எடுத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் போடுகிறாயா என்று நவோமி வழக்கம்போல அண்ணியிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“விளக்கு எரிகிறது. நான் எழும்பக் கூடாது.”

நவோமி சைமனைப் பார்த்தாள். அவன் விளக்கைப் பார்த்தான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. “அவள் சொல்வது சரி” என்றான்.

“நானும் பெண்தானே?” என்றாள் நவோமி.

சாந்தகுமாரி இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள். “உனக்கு இன்றைக்கு இது பொருந்தாதே, கண்ணே” என்றாள், இனிக்க இனிக்க.

நவோமியின் முகம் வெளுத்தது. சமையலறைக்குப் போனாள். உள்ளே கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்தன. ராசமணி எழப் பார்த்தாள்.

“தாயைப் பறிகொடுத்த பிள்ளையடி அது.”

“இருங்கோ அம்மா.” மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

நவோமி தட்டோடு வந்தாள். தேநீர் தட்டில் கொட்டியிருந்தது. வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு ராசமணிக்கும் ஒரு கோப்பை நீட்டினாள். ராசமணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ஹில்டாவை வெளியே கொண்டுபோனபோது வாசலிலிருந்து காற்று வந்து சுடர்கள் சாய்ந்தன. மறைக்க எழுந்த கைகளைச் சாந்தகுமாரி திரும்ப மடியிலேயே வைத்தாள். சுடர்கள் நிமிர்ந்துகொண்டன. உடலை ஏற்றிய வண்டியின் பின்னால் சைமனின் கார் போய்விட்டது. நவோமி சமையலறைக்குத் திரும்பிப் போனாள்.

மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக எரிந்து முடிந்தன.

“நூந்திட்டுது, பிள்ளை” என்றாள் ராசமணி.

“தெரியும்.”

அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளே நவோமி குழாயைத் திறந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கையில் தேநீர் குடிக்கப்படாமல் ஆடை கட்டியிருந்தது.