மக்டலீனின் பாதி

தொண்ணூறாம் ஆண்டு மடு மாதா கோவிலுக்குப் போன மக்டலீன், போரில் பாதை பூட்டியதால் யாழ்ப்பாணம் குருநகருக்குத் திரும்பவில்லை. இரண்டு வருடமாகக் கடிதமும் இல்லை. கணவர் சிமியோன் தனியே செபமாலை சொன்னார். முன்பு இருவரும் பாதி பாதியாகச் சொன்னதுபோலவே, ஒவ்வொரு மந்திரத்திலும் தன் முன்பாதியைச் சொல்லிவிட்டு, மனைவி பின்பாதியைச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்பார். அவள் வீட்டிலிருந்தபோதே இழுத்துச் சொல்பவள். இப்போது அவள் சொல்லும் பாதி மடுவிலிருந்து வேறு வந்துசேர வேண்டும். அதனால் செவ்வாய் தொடங்கிய செபமாலை வெள்ளிதான் முடியும்.

“அண்ணை, அந்தப் பாதியை நான் சொல்லட்டே?” என்றான் பக்கத்து வீட்டு அடைக்கலநாதன்.

“வேண்டாம். அது அவளின்ரை.”

“அக்கா உயிரோடை இல்லாட்டி?”



“எப்ப கூட்டிக்கொண்டு வாறதெண்டு ஆண்டவருக்குத் தெரியும். நான் அவசரப்பட்டு ஆமென் சொல்லிப்போட்டா, அவள் வந்து என்னத்தைச் சொல்லுறது?”

அடைக்கலநாதன் போய்விட்டான். சிமியோன் அடுத்த முன்பாதியைச் சொல்லிவிட்டு, வெறும் வீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.